பாட்டி ஆடிய டென்னிஸ்: மர ராக்கெட், பழைய ஸ்கோர், நினைவுகளைப் பதிவு செய்யும் முறை

வெள்ளைப்பந்து (இழையைத் தொடங்கியவர்)

1950, 60, 70களில் போட்டி டென்னிஸ் ஆடிய பாட்டிமார் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எழுதும்போதே பலர் "பாட்டி குழப்பிக்கொள்கிறார்" என்று முடிவுகட்டி வரிகளைத் திருத்திவிடுகிறார்கள். இன்றைய விதிகளை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அன்றைய விதிகள் தெரிந்தால் அவர் சொன்னது அச்சுப் பிசகாமல் பொருந்தும்.

திரும்பத் திரும்ப வரும் சில வாக்கியங்கள்:

"ஒரு செட் 14-12 வரைக்கும் போச்சு."
"மேட்ச் முடியுற வரைக்கும் உட்காரவே விட மாட்டாங்க."
"குதிச்சு சர்வ் போட்டா ஃபால்ட்."
"மைனஸ் 30ல இருந்து ஆரம்பிச்சேன்."
"பிளேட் ஜெயிச்சேன்."

ராக்கெட்டைப் பாதுகாப்பது, பேச்சை ஒலிப்பதிவு செய்வது, பழைய பத்திரிகையில் ஸ்கோர் தேடுவது என எதைப் பற்றி எழுதினாலும் இங்கேயே எழுதுங்கள். ஒரே இடத்தில் இருக்கட்டும்.

பழைய_ஸ்கோர்

முதல் மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

14-12 சாத்தியமா என்று கேட்பவர்கள் 1970 விம்பிள்டன் மகளிர் இறுதியைப் பாருங்கள். மார்கரெட் கோர்ட் பில்லி ஜீன் கிங்கை 14-12, 11-9 என்று வென்றார். இரண்டே செட், 46 கேம். 1966இல் கேத்தி பிளேக், எலினா சுபிராட்ஸ் மோதிய ஆட்டம் 12-10, 6-8, 14-12 என முடிந்தது. 62 கேம்! டை பிரேக்கர் (செட் சமநிலையில் நிற்கும்போது முடிவு காண ஆடும் சிறு ஆட்டம்) கிடையாது, இரண்டு கேம் முன்னிலை கிடைக்கும்வரை ஆட வேண்டியதுதான்.

டை பிரேக்கர் எல்லா இடத்திலும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அமெரிக்க ஓப்பனில் 1970இல் வந்தது. விம்பிள்டனில் 1971இல் வந்தாலும் அங்கே 8-8 ஆன பிறகுதான். 6-6இல் என்று மாறியது 1979இல். கடைசி செட்டுக்கு அப்போதும் இல்லை. எனவே "8-8 ஆனதும் டை பிரேக்கர் ஆடினோம்" என்று ஒருவர் சொன்னால் அதை 6-6 என்று திருத்தாதீர்கள். அந்த எட்டுதான் அவர் ஆடிய காலத்தைக் காட்டும் அடையாளம்.

அமெரிக்க ஓப்பனில் 1970 முதல் 1974 வரை இருந்தது ஒன்பது புள்ளி டை பிரேக்கர். முதலில் 5 புள்ளி எடுப்பவருக்குச் செட். 4-4 ஆகிவிட்டால் அடுத்த ஒரே புள்ளியில் முடிவு. "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல மேட்ச் பாயின்ட்" என்று யாராவது சொன்னால் இந்த முறையில் ஆடியிருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். கடைசி செட்டில் அது நிஜமாகவே நடக்கும்.

உட்கார விடாதது: பக்கம் மாறும்போது வீரர்களுக்கு நாற்காலி போடுவது விம்பிள்டனில் 1975இல்தான் வந்தது. அதற்கு முன் நடுவரின் உயரமான இருக்கைக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு வாய் தண்ணீர், துண்டால் ஒரு துடைப்பு, மறுபக்கம் போக வேண்டியதுதான்.

சர்வ்: பழைய ஃபுட் ஃபால்ட் (சர்வ் போடும்போது காலால் நேரும் தவறு) விதிப்படி பந்தை அடிக்கும்வரை ஒரு காலாவது தரையைத் தொட்டிருக்க வேண்டும். இரண்டு காலும் எழும்ப அனுமதி கிடைத்தது 1960களின் தொடக்கத்தில். அதற்கு முன் பழகியவர்களின் சர்வைப் பழைய படச்சுருளில் பாருங்கள். முன்கால் தரையில் ஊன்றியிருக்கும், உடம்பு அதன்மேல் சாய்ந்து போகும். எம்பி அடிக்கும் வேகம் அதில் வராது. பலவீனம் என்று நினைக்க வேண்டாம், விதி அப்படி.

நெட்_நாண்

மைனஸ் 30 பற்றி: அது ஹேண்டிகேப் போட்டி. கிளப் போட்டிகளில் ஓப்பன் பிரிவுக்குப் பக்கத்திலேயே ஹேண்டிகேப் பிரிவும் நடக்கும். நன்றாக ஆடுபவர் "கடன்" வைத்துத் தொடங்குவார், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே. மைனஸ் 30 என்றால் இரண்டு புள்ளி எடுத்த பிறகுதான் பூஜ்யத்துக்கே வருவார். சற்றுத் தளர்வாக ஆடுபவருக்குக் கேம் தொடங்கும்போதே 15 கொடுப்பார்கள்.

இதற்குள் இன்னும் நுணுக்கம் உண்டு. 15ஐ ஆறாகப் பங்கிடுவார்கள். "ஆறில் இரண்டு" கிடைத்தால் ஒவ்வொரு ஆறு கேமிலும் இரண்டில் மட்டும் 15 முன்னிலையோடு தொடங்கலாம். பழைய டிரா தாளில் (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலில்) பெயருக்குப் பக்கத்தில் பின்ன எண்ணோ, கழித்தல் குறியோ இருந்தால் இதுதான். அதைத் தரவரிசை எண் என்று பதிவு செய்துவிடாதீர்கள். மைனஸ் 30 கொடுத்தார்கள் என்றால் அந்தப் போட்டியில் மற்றவர்கள் அவரை எவ்வளவு வலுவான ஆட்டக்காரியாகக் கணித்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. கோப்பையில்கூட அந்தத் தகவல் கிடைக்காது.

"பிளேட்": இங்கே குடும்பங்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கின்றன. விம்பிள்டன் மகளிர் சாம்பியனுக்குத் தருவது வட்டமான வெள்ளித் தட்டு என்பதால் பாட்டி பெரிய பட்டம் வென்றார் என்று எழுதிவிடுவது ஒன்று. பரிசாக ஏதோ சாப்பாட்டுத் தட்டு கொடுத்தார்கள் என்று விட்டுவிடுவது இன்னொன்று. பிளேட் என்பது தனிப் போட்டி. முதன்மைப் போட்டியில் தொடக்கச் சுற்றுகளில் தோற்றவர்களுக்காக நடத்துவது. விம்பிள்டனிலும் இருந்தது. தோற்ற மறுநாளே மீண்டும் களமிறங்கி ஐந்து சுற்று வெல்வது லேசுப்பட்ட காரியமில்லை. உள்ளது உள்ளபடி எழுதினாலே அவருக்குப் பெருமைதான்.

பழைய_ஸ்கோர்

சரியாகச் சொன்னீர்கள். பத்திரிகையில் தேடுபவர்களுக்கு இன்னொன்று. பாட்டியின் பெயரில் தேடி எதுவும் கிடைக்கவில்லையா? கணவர் பெயரில் தேடுங்கள். திருமணமான வீராங்கனைகளைத் திருமதி என்று போட்டு, கணவரின் முதலெழுத்துகளோடு அச்சிடுவது அன்றைய வழக்கம். 1980இல் விம்பிள்டன் வென்ற இவான் கூலகாங் அங்கே திருமதி ஆர். ஏ. காலி, 1981இல் வென்ற கிறிஸ் எவர்ட் திருமதி ஜே. எம். லாய்டு. உலகச் சாம்பியன்களுக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும்?

தேட வேண்டிய வடிவங்கள்: பிறந்த வீட்டுப் பெயர், செல்வி சேர்த்த பெயர், கணவரின் முதலெழுத்து, கணவர் குடும்பப் பெயர் மட்டும். திருமணம் நடந்த பருவத்தில் கவனம் தேவை. ஜூனில் ஒரு பெயர், அக்டோபரில் இன்னொரு பெயர். ஆட்டக்காரி ஒருவர்தான். இரட்டையர் ஆட்டத்தின் ஜோடி பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு அந்தப் பெயரிலும் தேடினால் பாதி நேரம் விடை கிடைத்துவிடும்.

ஸ்கோர் வரிகளில் வென்றவரின் எண்தான் முதலில் வரும், அவர் இழந்த செட்டிலும்கூட. 6-4, 3-6, 9-7 என்றால் நடு செட்டை வென்றவர் ஆட்டத்தில் தோற்றவர். "டபிள்யூ.ஓ." என்றால் எதிராளி களத்துக்கே வரவில்லை. "ரெட்." என்றால் நடுவில் விலகிவிட்டார். "எஸ்.சி.ஆர்." என்பது போட்டியிலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டது.

மரச்சட்டம்

ராக்கெட் பற்றி எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

மர ராக்கெட் ஒரே பலகையில் வெட்டியது இல்லை. ஆஷ், பீச், ஹிக்கரி, மேப்பிள் போன்ற மரங்களின் மெல்லிய பட்டைகளைப் பசை போட்டு அடுக்கி வளைத்தது. தலைப்பகுதி சுமார் 65 முதல் 70 சதுர அங்குலம். இன்று சாதாரணமாக 95 முதல் 105. எடை கட்டிங்கோடு (நரம்புப் பின்னலோடு) 370 முதல் 400 கிராம், இன்றையது 300 கிராமுக்கு அக்கம்பக்கம். கனமான சட்டம், சின்னத் தலை. நடுவில் உள்ளங்கை அளவு இடத்தில் பட்டால்தான் பந்து ஒழுங்காகப் போகும். பாட்டி "பந்தைப் பார்த்து அடி" என்று ஓயாமல் சொல்வது அதனால்தான்.

பரணிலிருந்து எடுத்தவுடன் செய்ய வேண்டியவை. கண்ணாடி மேசையில் தலையைப் படுக்க வைத்து நான்கு பக்கமும் மெல்ல அழுத்துங்கள். ஆடினால் கோணியிருக்கிறது. பிறகு பிடியைக் கண்ணருகே வைத்துத் துப்பாக்கி குறிபார்ப்பது போல நுனிவரை பாருங்கள். தண்டு நேராக இருந்து தலை மட்டும் முறுகியிருந்தால் பிரஸ் (தலையை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் பலகைச் சட்டம்) இல்லாமல் வைத்ததன் விளைவு. தண்டு தலையோடு சேரும் தொண்டைப் பகுதியில் நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் பட்டைகள் பிரிகின்றன. தலையின் உச்சியில் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரியும், அது தரையில் உரசி உரசித் தேய்ந்தது. அதை விட்டுவிடுங்கள், ஆடிய தடம்.

மரத்துக்கு எதிரி ஈரம் மட்டும் இல்லை, ஈரம் மாறிக்கொண்டே இருப்பதுதான். ஒரு பக்கம் ஊதி, மறுபக்கம் சுருங்கி, கட்டிங்கின் இழுவையும் சேரும்போது தலை முறுகுகிறது. காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிலையாக இருக்கும் அலமாரி போதும். வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், சமையலறைப் பரண் வேண்டவே வேண்டாம்.

பிரஸ்ஸில் மாட்டும்போது நான்கு மூலை விங் நட்டையும் ஒன்றையடுத்து ஒன்றாக முடுக்கக் கூடாது. எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று. இரண்டு பலகையும் ஃபிரேமை ஒட்டித் தொட்டதும் இன்னும் கால் சுற்று, அவ்வளவுதான். ஒரு மூலையை மட்டும் இறுக்கினால் பிரஸ்ஸே ராக்கெட்டைக் கோணலாக்கிவிடும்.

கோணலை நிமிர்த்துகிறேன் என்று நீராவி காட்டுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய பசை விட்டுக்கொடுத்தால் பட்டைகள் விரிந்துவிடும், பிறகு சேர்க்க வழியில்லை.

தோல் கிரிப்பை மாற்றாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளங்கை அடிப்பகுதி அழுந்திய இடம் கறுத்து வழவழப்பாக இருக்கும், கட்டைவிரல் பட்ட இடத்தில் தனியாக ஒரு பள்ளம். அந்தத் தடத்தின்மேல் கையை வைத்துப் பாருங்கள், அவர் எப்படிப் பிடித்தார் என்று தெரிந்துவிடும். பள்ளம் ஒன்றுதான் என்றால் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) எல்லாவற்றுக்கும் பிடி மாற்றாத கான்டினென்டல் பிடி. புல்தரையில் தாழ்ந்து வரும் பந்துக்கு அது தோது.

கோட்டுக்குள்

மரச்சட்டம் ஐயா, கட்டிங் பற்றி ஒரு மாறுபட்ட கருத்து. புதுக் கட்டிங் போட்டு நான்கு பந்து அடித்துப் பார்த்தால்தான் பாட்டி சொல்வது உடம்பில் இறங்கும். பெட்டியில் பூட்டி வைத்தால் ராக்கெட் வெறும் பொம்மை.

மரச்சட்டம்

உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் அதற்குப் பாட்டியின் ராக்கெட் எதற்கு? அதே காலத்து மர ராக்கெட்டுகள் பழைய பொருள் விற்கும் இடங்களில் இன்னும் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி அதில் அடியுங்கள்.

பழைய மரத்தில் புதுக் கட்டிங் போடும்போது மூன்று ஆபத்து. ஒன்று, அன்று 50 முதல் 60 பவுண்டு வரை இழுத்தார்கள் என்று இன்றும் அதே அளவு வைத்தால் ஃபிரேம் தொண்டையில் கீறும். போட்டே ஆக வேண்டும் என்றால் 40 முதல் 45 பவுண்டுக்கு மேல் போகாதீர்கள். இரண்டு, மர ராக்கெட்டின் துளைகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் குழல் இருக்காது, நரம்பு நேரடியாக மரத்தில் உரசும். விறைப்பான பாலியெஸ்டர் போட்டால் துளையின் விளிம்பை அறுத்துவிடும். மிருதுவான நைலானோ இயற்கை கட்டோ (விலங்குக் குடலில் செய்த நரம்பு) மட்டும். மூன்று, இன்றைய இயந்திரங்களின் பிடிப்பான்கள் அகலமான, குழலான ஃபிரேமுக்காகச் செய்தவை. மரத்தை உச்சியிலும் அடியிலும் உள்பக்கமிருந்து தாங்காவிட்டால் நெடுக்கு நரம்புகள் போடும்போதே தலை நசுங்கி அகலமாகிவிடும்.

ஏற்கெனவே இருக்கும் கட் பற்றி: தளர்ந்து, முழுசாக இருந்தால் கை வைக்காதீர்கள். ஓரிரு இழை அறுந்து மற்றவை இன்னும் விறைப்பாக இருந்தால் அப்படியே விடுவதுதான் ஆபத்து. இழுவை ஒருபக்கமாகிவிடும். அப்போது எல்லாவற்றையும் அறுத்துவிட வேண்டும். வரிசை முக்கியம்: நடுவில் ஒரு நெடுக்கு, ஒரு குறுக்கு, மறுபடி ஒரு நெடுக்கு, ஒரு குறுக்கு என நடுவிலிருந்து வெளியே வட்டமாகப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் மறுபாதியின் இழுவையில் ஃபிரேம் அந்த நிமிடமே முறுகும். அறுத்ததை எறிய வேண்டாம். தலையின் உச்சியிலும் அடியிலும் பின்னியிருக்கும் வண்ண நூலோடு சேர்த்து உறையில் போட்டு வையுங்கள்.

கோட்டுக்குள்

நடுவிலிருந்து அறுக்கும் விவரம் எனக்குப் புதிது. கருத்தை மாற்றிக்கொள்கிறேன், மூல ராக்கெட்டுக்குக் கட்டிங் வேண்டாம்.

பாட்டியும் பேரப்பிள்ளையும் சேர்ந்து அடிக்க ஆசைப்பட்டால் பந்தை மாற்றுங்கள். சிறுவர் பயிற்சிக்கான சிவப்புப் பந்து சாதாரணப் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50 சதவீதம். சிவப்புப் பந்தும் 250 கிராமுக்குள் ஒரு லேசான ராக்கெட்டும் இருந்தால் தோளுக்கு அதிகம் பாரமில்லை. நெட்டுக்குப் பக்கத்தில் நின்று வாலி மட்டும். பின்னோக்கி ஓட வைக்கும் லாப் (தலைக்கு மேலே உயரத் தூக்கி அடிப்பது) கூடாது, அந்த வயதில் பின்னால் நகரும்போது விழும் ஆபத்து உண்டு. தோள், மணிக்கட்டு, எலும்புத் தேய்மானம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

ஒலிநாடா

ஒலிப்பதிவுக்கு வருகிறேன். கேள்விகள்தான் பாதி வேலை.

"அந்தக் காலத்துல டென்னிஸ் எப்படி இருந்துச்சு பாட்டி?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு"ம்பார், அதோடு முடிந்தது. கையில் ராக்கெட்டைக் கொடுங்கள். ஒரு தாளில் கோர்ட் வரைந்து பென்சிலை நீட்டுங்கள். "கடைசிப் பாயின்ட்ல நீங்க எங்க நின்னீங்க? அவங்க எங்க நின்னாங்க? பந்து எந்தப் பக்கம் வந்துச்சு?" வாய் தயங்கும் இடத்தில் கை தானாக வரையும். வரையும்போது அவர் சொல்லும் சொற்களை அப்படியே விடுங்கள். "வான்டேஜ்" என்றால் அட்வான்டேஜ் என்று மாற்றாதீர்கள்.

கேட்க வேண்டிய சில: பந்து எந்த நிறம், எத்தனை கேமுக்கு ஒருமுறை மாற்றினார்கள்? புல்லா, மண்ணா, சிமென்ட்டா? நடுவர் யார் வீட்டு ஆள்? நெட் கயிற்றில் விரல் வைத்து உட்கார்ந்து லெட் (சர்வ் நெட்டைத் தொட்டது) சொல்ல ஒருவர் இருந்தாரா? ஒரே நாளில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றும் ஆடினாரா? பயணச் செலவு யார் கொடுத்தார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை மாதம் ஆடினார், நிறுத்தச் சொன்னது யார்? கடைசிக் கேள்வியை முதல் நாள் கேட்க வேண்டாம். மூன்றாவது, நான்காவது அமர்வில் கேளுங்கள், பதில் வராமல் போனால் விட்டுவிடுங்கள்.

ஒரு அமர்வு 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சட்டையில் குத்தும் மைக் என்றால் வாயிலிருந்து ஒரு சாண் கீழே. ஃபேனை நிறுத்துங்கள், காதொலிக் கருவி கீச்சிடுகிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். கோப்பு சுருக்கப்படாத வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

ஸ்கோர் பற்றி அவர் சொல்வதும் பத்திரிகை சொல்வதும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள், எது எங்கிருந்து வந்தது என்று குறித்து. அவர் முன்னால் பத்திரிகை நகலை நீட்டி "தப்பாச் சொல்றீங்களே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிறகு எதைச் சொல்லவும் தயங்குவார்.

வெள்ளைப்பந்து

பணம் பற்றியும் கேட்கிறார்கள். 1968க்கு முன் பெரிய போட்டிகள் எல்லாமே அமெச்சூர்களுக்கு மட்டும். கோப்பை, பயணப்படி, கடையில் பொருள் வாங்கும் பரிசுக் கூப்பன். அந்த ஆண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்தபோது விம்பிள்டனில் ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பில்லி ஜீன் கிங்குக்கு 750. 1970இல் ஒன்பது வீராங்கனைகள் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் போட்டி ஆடினார்கள். 1973இல் மகளிர் டென்னிஸ் சங்கம் உருவானது, அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் சமப் பரிசு கொடுத்தது. விம்பிள்டனில் அது 2007இல். அதனால் "எனக்கு ஒரு பைசா வரலை" என்று ஒரு பாட்டி சொன்னால் திறமை போதவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள்.

புதுமுகம்_7

எல்லாவற்றையும் படித்தேன். புகைப்படத்துக்குப் பின்னால் தேதி இல்லை. ராக்கெட்டை வைத்து ஆண்டு சொல்ல முடியுமா?

மரச்சட்டம்

ஆண்டைச் சொல்ல முடியாது, எல்லை கட்டலாம். உலோகத் தண்டுள்ள வில்சன் டி2000 தெரிந்தால் 1967க்குப் பின். 110 சதுர அங்குலப் பெரிய தலையுள்ள பிரின்ஸ் என்றால் 1976க்குப் பின். மரம் மட்டும் என்றால் மேல் எல்லை கட்டுவது கடினம், 1980களின் தொடக்கம்வரை மரத்தில் ஆடியவர்கள் உண்டு. ஃபிரேமில் வீரர் கையெழுத்து இருந்தால் அது கீழ் எல்லை மட்டுமே. ஜாக் கிராமர் பெயரிட்ட ராக்கெட் அவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் விற்றது. வண்ணப் படத்தில் மஞ்சள் பந்து தெரிந்தால் 1972 வாக்கிலோ அதற்குப் பிறகோ. வெள்ளைப் பந்து இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, விம்பிள்டனே 1985 வரை வெள்ளைப் பந்தில்தான் ஆடியது.

தண்டின் பக்கத்தில் எல், எம், எச் என்ற எழுத்தும் அருகே நாலேகால், நாலரை போன்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். எழுத்து எடை, எண் பிடியின் சுற்றளவு அங்குலத்தில். பாட்டியின் கையளவோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த ராக்கெட் இரட்டையர் ஜோடியுடையதாகக்கூட இருக்கலாம். படத்தை அவரிடம் காட்டிக் கேளுங்கள்.

புதுமுகம்_7

எல் நாலரை. பாட்டியின் இன்னொரு ராக்கெட்டில் நாலேகால்தான் இருக்கிறது.

ஒலிநாடா

அப்படியானால் அடுத்த அமர்வுக்கு முதல் கேள்வி கிடைத்துவிட்டது. நாலரை ராக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ஒலிப்பதிவை ஓடவிட்டு, "இது யாரோடது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்ததும் பருத்தி நூலில் ஒரு அட்டை கட்டி, பென்சிலால் எழுதித் தண்டில் தொங்கவிடுங்கள். பேனா மை வார்னிஷில் இறங்கும்.